ஏவ்வ்வ்... ஆட்டு ஏப்பத்துக்கு ஒரு வைத்தியம்!

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஹாஸ்டல் மெஸ்ஸில் வாரத்துக்கு ஒரே ஒரு தடவை தரிசனம் தரும் மட்டன் பிரியாணி. மூணாவது ரவுண்டு முடிச்சுட்டு என் ரூம்மேட் ஒரு ஏப்பம் விட்டான் பாருங்க... பக்கத்து டேபிள் டம்ளரே அதிர்ந்துச்சு! "மச்சி, இது நீ விட்டதில்ல. உள்ள போன ஆடு விட்டது"னு ஒருத்தன் கமென்ட் அடிக்க, மொத்த மெஸ்ஸும் சிரிச்சது. நான் மட்டும் சிரிக்கலை. ஏன்னா, முந்தின நாள்தான் பத்திரிகை ஆபீஸ்ல இருந்து எனக்கு அசைன்மென்ட் வந்திருந்தது. "தம்பி, செம்மறி ஆடு ஏப்பம் விடுறதைக் குறைக்கத் தீனியில மருந்து கலக்குறாங்களாம். விசாரிச்சு எழுது!"

முதல்ல ராகிங்னுதான் நினைச்சேன். நான் கெமிக்கல் இன்ஜினீயரிங் மூணாவது வருஷம். எனக்கும் ஆட்டுக்கும் உள்ள ஒரே சம்பந்தம் எங்க பெரியப்பா. சிவகங்கைப் பக்கம் கிடை ஆடு வெச்சிருக்கார். சின்ன வயசு லீவெல்லாம் அந்த ஆடுகளுக்கு நடுவுலதான் போச்சு. ஆனா, ஆடு ஏப்பம் விடுமானு ஒரு நாளும் கவனிச்சதில்லை. தேட ஆரம்பிச்சா... பாஸ், இது காமெடி மேட்டரே இல்லை!

வயித்துக்குள்ள ஒரு ரியாக்டர்

மீத்தேன்னு சொன்னதும் நமக்கெல்லாம் மன்னார்குடி, டெல்டா, போராட்டம்தான் ஞாபகத்துக்கு வரும். அது பூமிக்கு அடியில இருக்குற மீத்தேன். இது ஆட்டு வயித்துக்குள்ள உருவாகுற மீத்தேன். வாயு என்னவோ ஒண்ணுதான்.

ஆடு, மாடு மாதிரி அசை போடுற பிராணிகளுக்கு வயித்துல நாலு அறை. முதல் அறைக்குப் பேர் ரூமன். எங்க டிபார்ட்மென்ட் பாஷையில சொன்னா, அது 24 மணி நேரமும் ஓடுற ஒரு ஃபெர்மென்டேஷன் டேங்க். புல்லில் இருக்குற செல்லுலோஸை நம்மால ஜீரணிக்க முடியாது. ஆட்டாலும் முடியாது! ஆட்டுக்காக அதைச் செய்யுறது ரூமனில் குடியிருக்குற கோடானுகோடி நுண்ணுயிர்கள். அதுங்க புல்லை உடைக்கும்போது ஹைட்ரஜன் வெளியே வரும். அந்த ஹைட்ரஜன் டேங்க்குள்ள சேர்ந்துக்கிட்டே போனா, வேலை மந்தமாகிடும். அதை வெளியேத்த ஒரு கூட்டம் இருக்கு. பேர் ஆர்க்கியா. பாக்டீரியா மாதிரியே இருக்கும், ஆனா பாக்டீரியா இல்லை. அதுங்க நாலு ஹைட்ரஜனையும் ஒரு கார்பன் டை ஆக்ஸைடையும் சேர்த்து ஒரு மீத்தேன், ரெண்டு தண்ணி ஆக்கிடும். தண்ணி உள்ளேயே தங்கிடும். மீத்தேன் வெளியே வந்தாகணுமே... அதுதான் ஏப்பம்.

இங்கே ஒரு தப்பான நினைப்பைச் சரிபண்ணிடறேன். எல்லாரும் நினைக்குற மாதிரி இது 'பின்பக்க' சமாசாரம் இல்லீங்க. 95 சதவிகிதத்துக்கு மேல வாய், மூக்கு வழியாத்தான் வருது.

வளர்ந்த நாடுகளில் ஒரு செம்மறி ஆடு வருஷத்துக்கு சுமார் 8 கிலோ மீத்தேன் விடுதுனு கணக்கு வெச்சிருக்காங்க. 'பூ, 8 கிலோதானா?'னு கேட்காதீங்க. நூறு வருஷக் கணக்கில் பார்த்தா, ஒரு கிலோ மீத்தேன் பூமியைச் சூடாக்குறதுல சுமார் 28 கிலோ கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமம். 20 வருஷத்தை மட்டும் எடுத்தா 80 மடங்கு! நான் சும்மா இருக்காம கால்குலேட்டரைத் தட்டினேன். ஒரு ஆட்டோட ஒரு வருஷ ஏப்பம், கிட்டத்தட்ட நூறு லிட்டர் பெட்ரோல் எரிச்சதுக்குச் சமம். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தர்ற பைக்குன்னா 5,000 கிலோமீட்டர். கன்னியாகுமரியில இருந்து டெல்லி போய், திரும்பி வர்ற வழியில பாதிக்கு மேல தாண்டிடலாம்!

ஆனா மீத்தேன்கிட்ட ஒரு நல்ல குணம் உண்டு. காத்துல சுமார் 12 வருஷம்தான் தாக்குப்பிடிக்கும். கார்பன் டை ஆக்ஸைடு மாதிரி நூத்துக்கணக்கான வருஷம் டேரா போடாது. அதனால மீத்தேனைக் குறைச்சா பலன் சீக்கிரம் தெரியும். விஞ்ஞானிங்க இந்த ஏப்பத்து மேல கண் வெச்சதுக்கு இதுதான் காரணம்.

படிக்கட்டில் ஏறிய டிராக்டர்

இந்த விஷயத்துல தலையைப் பிச்சுக்கிட்ட நாடு நியூசிலாந்து. 1982-ல் அங்கே 7 கோடி செம்மறி ஆடுகள். அப்போ ஜனத்தொகை 32 லட்சம்தான். ஆளுக்கு 22 ஆடு! இப்போ ஆடுகள் குறைஞ்சு இரண்டரைக் கோடிக்குக் கீழே வந்தாச்சு. இருந்தும், அந்த நாடு வெளியேத்துற பசுமை இல்ல வாயுக்களில் ஏறத்தாழ பாதி விவசாயத்துல இருந்துதான். அதுலயும் பெரும்பங்கு ஆடு, மாடு விடுற ஏப்பம். மத்த பணக்கார நாடுகளுக்கு அனல்மின் நிலையமும் காரும் தலைவலின்னா, இவங்களுக்கு ஆடு!

2003-ல் அந்த அரசாங்கம் ஒரு ஐடியா பண்ணிச்சு. ஆடு மாடு வெச்சிருக்கறவங்ககிட்ட வரி வாங்கி, வருஷத்துக்கு 84 லட்சம் நியூசிலாந்து டாலர் திரட்டி, இந்த மீத்தேனைக் குறைக்குற ஆராய்ச்சிக்குச் செலவு பண்ணலாம்னு. உடனே அதுக்கு ஒரு பட்டப்பேர் வெச்சாங்க பாருங்க, 'ஃபார்ட் டாக்ஸ்'! தமிழ்ல எழுதினா எடிட்டர் வெட்டிடுவார், நீங்களே மொழிபெயர்த்துக்குங்க. விவசாயிகள் கொதிச்சுட்டாங்க. செப்டம்பர் மாசம் வெலிங்டன் பார்லிமென்ட் முன்னால டிராக்டரோட திரண்டாங்க. ஷேன் ஆர்டர்ன்னு ஒரு எம்.பி., 'மர்ட்டில்'னு பேர் வெச்ச பழைய டிராக்டரை பார்லிமென்ட் படிக்கட்டு மேலயே ஏத்திட்டார். போலீஸ் கேஸ் ஆச்சு. வரியும் வாபஸ் ஆச்சு.

அதோட முடியலை. 2022 அக்டோபர்ல ஜெசிந்தா ஆர்டர்ன் அரசாங்கம் ஏப்பத்துக்கு விலை வைக்குற திட்டத்தை மறுபடியும் கொண்டு வந்தது. மறுபடியும் டிராக்டர் ஊர்வலம். அடுத்து வந்த அரசாங்கம் 2024-ல் விவசாயத்தை அந்த வளையத்துல இருந்து வெளியே எடுத்தது. 2025 அக்டோபர்ல 'மீத்தேனுக்கு வரியே கிடையாது'னு அறிவிச்சது. கூடவே, 2050-க்குள்ள மீத்தேனை 24-ல் இருந்து 47 சதவிகிதம் வரை குறைப்போம்னு வெச்சிருந்த இலக்கையும் 14-ல் இருந்து 24-னு இறக்கிடுச்சு.

ஆக, வரி போட முடியலை. ஆட்டை வெட்டித் தள்ளவும் முடியாது. மிச்சம் இருக்குற வழி, ஆட்டோட தீனியில கை வைக்கிறது.

தேங்காய் எண்ணெய் முதல் கடற்பாசி வரை

முதல் ஆச்சரியம் நம்ம ஊர் சமையலறையில இருந்தே கிடைச்சது. சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் 1990-கள் கடைசியில் செம்மறி ஆட்டுத் தீனியில தேங்காய் எண்ணெய் கலந்து பார்த்திருக்காங்க. தீனியில் 3.5 சதவிகிதம் கலந்தப்போ மீத்தேன் 28 சதவிகிதம் குறைஞ்சது. 7 சதவிகிதம் கலந்தப்போ 73 சதவிகிதம்! 'அட, அவ்வளவுதானே'னு துள்ளாதீங்க. ஒரு ஆடு நாளைக்கு ஒரு கிலோ காய்ஞ்ச தீனி தின்னுதுன்னு வெச்சா, 7 சதவிகிதம்ங்கிறது 70 கிராம். வருஷத்துக்கு 25 கிலோ எண்ணெய். விக்கிற விலைக்கு நம்ம தலைக்கே தேய்க்க யோசிக்குறோம். அதுபோக, கொழுப்பு அதிகமானா ரூமனில் நார்ச்சத்து சரியா செரிக்காது.

அடுத்து நைட்ரேட். 2010-ல் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் ஆட்டுத் தீனியில நைட்ரேட் கலந்தாங்க. மீத்தேன் 32 சதவிகிதம் குறைஞ்சது. கூடவே சல்ஃபேட்டும் சேர்த்தப்போ 47. லாஜிக் சிம்பிள். ஆர்க்கியாவுக்குப் போக வேண்டிய ஹைட்ரஜனை நைட்ரேட் தட்டிப் பறிச்சுடும். ஆனா கொஞ்சம் அளவு மீறினாலும், பழக்கப்படுத்தாம திடீர்னு கொடுத்தாலும் அது நைட்ரைட்டா மாறி ரத்தத்துல சேரும். ரத்தத்தால ஆக்சிஜனைச் சுமக்க முடியாது. ரத்தம் சாக்லேட் கலராகி ஆடே போய்ச் சேர்ந்துடும். ஏப்பம் நூறு சதவிகிதம் நின்னுடும்தான்... அதுக்காக?

அப்புறம் வந்தார் சூப்பர் ஸ்டார். கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுல ஒரு பண்ணைக்காரர், கரை ஒதுங்கின கடற்பாசியைத் தின்ன தன் மாடுங்க மத்த மாடுகளைவிட நல்லா இருக்குறதைக் கவனிச்சார். ராப் கின்லி என்ற ஆராய்ச்சியாளர் அதை சோதிச்சப்போ, மீத்தேனும் குறையுறது தெரிஞ்சது. அவர் ஆஸ்திரேலியா போய் அங்கே உள்ளவங்களோட சேர்ந்து விதவிதமான பாசிகளை லேப்ல டெஸ்ட் பண்ணினார். அதுல ஒரு சிவப்புப் பாசி மட்டும் மீத்தேனை ஏறக்குறைய முழுசா நிறுத்திடுச்சு! பேர் அஸ்பாரகாப்ஸிஸ். ஹவாய் தீவுக்காரங்க மீன்ல கலந்து சாப்பிடுற பாசி அது. (நம்ம மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் கயித்துல கட்டி வளர்க்குற பாசி வேற. அதைப் பறிச்சு ஆட்டுக்குப் போட்டுட்டு எனக்கு லெட்டர் போடாதீங்க!)

டெஸ்ட் ட்யூப்ல ஜெயிச்சது ஆட்டு வயித்துல ஜெயிக்குமா? ஆஸ்திரேலியாவில் மெரினோ ஆடுகளுக்கு 72 நாள் கொடுத்தாங்க. தீனியில 3 சதவிகிதம் பாசி சேர்த்த ஆடுகளுக்கு மீத்தேன் 80 சதவிகிதம் வரை குறைஞ்சது. கைதட்டுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்... இந்தப் பாசியில வேலை செய்யுற சரக்கு ப்ரோமோஃபார்ம். மனுஷனுக்குப் புற்றுநோய் வரவைக்கலாம்னு சந்தேகப் பட்டியல்ல இருக்குற கெமிக்கல். பாசி தின்ன ஆடுகளில் சிலதுக்கு ரூமன் உள்சுவர்லயும் மாற்றம் தெரிஞ்சது. அளவைக் குறைச்சு எப்படிப் பத்திரமா கொடுக்கறதுங்கிற வேலை இன்னும் நடந்துக்கிட்டிருக்கு.

எனக்குத் தனிப்பட்ட முறையில ரொம்பப் பிடிச்சது 3-நைட்ரோஆக்ஸிபுரோப்பனால். சுருக்கமா 3-என்.ஓ.பி. மீத்தேன் தயாராகுற கடைசி ஸ்டெப்புல ஒரு என்ஸைம் இருக்கு. அது ஒரு பூட்டுன்னா, இந்த மூலக்கூறு அதுக்குப் பொருந்துற போலிச் சாவி. உள்ளே நுழைஞ்சு, என்ஸைம் நடுவில் இருக்குற நிக்கலைக் கெடுத்து, பூட்டையே ஜாம் பண்ணிடும். ஒரு மாட்டுக்கு நாளைக்குக் கால் டீஸ்பூன் போதும். பால் மாடுகளில் மீத்தேன் சராசரியா 30 சதவிகிதம் குறையுது. 2014-ல் ஸ்பெயினில் செம்மறி ஆடுகளுக்குக் கொடுத்தப்பவும் குறைஞ்சது. ஐரோப்பிய யூனியன் 2022-லயும் அமெரிக்கா 2024-லயும் பச்சைக்கொடி காட்டினது முதல்ல பால் மாடுகளுக்குத்தான். ஆட்டுக்கு இல்லை. ஏன் ஆட்டை அம்போனு விட்டாங்க?

வாய்க்குள்ள எப்படிப் போடறது?

இதைத் தேடும்போதுதான் எனக்கு மண்டையில உறைச்சது. இந்த ஆராய்ச்சியெல்லாம் எங்கே நடக்குது தெரியுமா? நியூசிலாந்தின் பால்மர்ஸ்டன் நார்த்தில் ஆட்டு ஏப்பத்தை அளக்குறதுக்குனே ரூம் வெச்சிருக்காங்க. சுவர் எல்லாம் கண்ணாடி மாதிரி. ஆடு தனியா நின்னா மிரளும். அதனால பக்கத்து ரூம் ஆடு தெரியணும்னு அப்படிக் கட்டியிருக்காங்க. உள்ளே போற காத்தையும் வெளியே வர்ற காத்தையும் அளந்துக்கிட்டே இருப்பாங்க. வேளாவேளைக்கு அளந்த தீனி, அதுல அளந்த மருந்து. பால் மாட்டுப் பண்ணையும் கிட்டத்தட்ட அப்படித்தான். மாடு கொட்டிலுக்கு வரும், தீனித்தொட்டி இருக்கும், கலந்து வெச்சா வேலை முடிஞ்சது.

ஆனா, நிஜ செம்மறி ஆடு எங்கே இருக்கு? மலைச்சரிவுல! நியூசிலாந்து மலைப்பண்ணை ஆடு வருஷத்துல சில தடவைதான் மனுஷன் கைக்கே வரும். ரோமம் வெட்ட, பூச்சி மருந்து கொடுக்க, குட்டிங்க கணக்கெடுக்க... அவ்வளவுதான். மத்த நாளெல்லாம் அதுபாட்டுக்குப் புல்லு மேயும். 3-என்.ஓ.பி.யோ ரூமனுக்குள்ள போன சில மணி நேரத்துல உடைஞ்சு காலியாகிடும். பூட்டு மறுபடி திறந்துக்கும். ஆக, மருந்து ஒவ்வொரு வாய் தீனியோடயும் போயாகணும். மலையில மேயுற ஆட்டுக்குப் பின்னாடி யாரு ஸ்பூனோட ஓடுறது?

நாங்க செமஸ்டர் எக்ஸாம்ல கேடலிஸ்ட்டைக் கண்டுபிடிச்சதோட விடையை முடிச்சுடுவோம். அதை ரியாக்டருக்குள்ள எப்படிக் கொண்டுபோய்ச் சேர்க்கறதுங்கிறது 'அஸ்யூம்' பண்ணிக்கிற விஷயம். இங்கே அந்த அஸ்யூம்தான் மொத்தப் பிரச்னையே! அதனால இப்போ ஆராய்ச்சி வேற திசையில போகுது. ரூமனுக்குள்ள போய் உட்கார்ந்துக்கிட்டு மாசக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா மருந்தைக் கசியவிடுற கேப்சூல் ஒண்ணு. ஆர்க்கியாவுக்கு எதிரான ஆன்ட்டிபாடியை ஆட்டு எச்சில்லயே சுரக்க வைக்குற தடுப்பூசி இன்னொண்ணு. கேட்கவே ஜோரா இருக்கு, ஆனா தடுப்பூசி இத்தனை வருஷம் ஆகியும் லேபைத் தாண்டலை. தீனியையே விட்டுட்டு, பிறவியிலேயே கம்மியா ஏப்பம் விடுற ஆடுகளைப் பொறுக்கி எடுத்து இனம் பெருக்குற வேலையும் நியூசிலாந்தில் நடக்குது. அந்த ஆடுகளுக்கு ரூமன் கொஞ்சம் சின்னதாம்.

பெரியப்பாவின் கேள்வி

போன மாசம் ஊருக்குப் போனப்போ, பேப்பரும் பேனாவுமா பெரியப்பா கிடை போட்டிருந்த வயலுக்கே போயிட்டேன். அறுத்த வயல்ல ஆடுங்க மேய்ஞ்சுக்கிட்டிருந்தது. வரப்புல உட்கார்ந்து கதையைச் சொன்னேன். பெரியப்பா குறுக்கே பேசாமக் கேட்டார்.

"எண்ணெய்னு சொன்னியே, அது புதுசு இல்லப்பா. வயிறு உப்புசமா இருந்தா மூங்கில் குழாய்ல எண்ணெய் புகட்டுவோம்ல. ஆனா தெனமும்னா கட்டுப்படி ஆகாது."

"வேற ஒண்ணும் இருக்கு பெரியப்பா. பெங்களூர்ல மத்திய அரசோட கால்நடை ஊட்டச்சத்து ஆராய்ச்சி நிலையம் இருக்குல்ல... அவங்க துவர்ப்பு அதிகமா இருக்குற செடி கொடிகளை வெச்சு 'ஹரித் தாரா'னு ஒரு தீவனம் பண்ணியிருக்காங்க. மீத்தேன் 17-ல இருந்து 20 சதவிகிதம் குறையுமாம். 2021-ல கிலோவுக்கு ஆறு ரூபாதான் செலவுன்னாங்க. புளியங்கொட்டைத் தோல்லகூட ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க."

"துவர்ப்புன்னா நம்ம நாட்டுக் கருவேல நெத்து மாதிரியா? அதை ஆடு தானாவே பொறுக்கித் திங்குமே. கழிச்சல் நிக்கும், வயித்துப் பூச்சிக்கும் நல்லதும்பாங்க."

எனக்குப் புல்லரிச்சது. அந்தத் துவர்ப்புக்குப் பேர்தான் டானின். கருவேல நெத்துல அது நிறையவே உண்டு, தோல் பதனிடக்கூட அதைப் பயன்படுத்தியிருக்காங்க. 'அப்போ நம்ம ஆளுங்க அப்பவே...'னு நான் வாட்ஸ்அப் ஃபார்வர்டு ரேஞ்சுக்கு ஆரம்பிக்க, நானே பிரேக் போட்டேன். நெத்து தின்ற பெரியப்பா ஆடு எவ்வளவு மீத்தேன் விடுதுனு யாரும் அளக்கலை. அளக்காம சொன்னா அது இன்ஜினீயரிங் இல்லை.

பெரியப்பா கொஞ்ச நேரம் கழிச்சுக் கேட்டார். "ஏப்பா, அந்த மருந்தைக் குடுத்தா குட்டி எடை கூடுமா?"

நியாயமான கேள்வி. தின்ற தீனியோட சக்தியில சுமார் 6 சதவிகிதம் மீத்தேனா வீணாப் போகுது. அதை நிறுத்தினா மிச்சமாகுற சக்தி கறியா, பாலா மாறணுமே? விஞ்ஞானிகளும் முதல்ல அப்படித்தான் எதிர்பார்த்தாங்க. ஆனா, பல சோதனைகள்ல அது நடக்கலை. மீத்தேன் ஆகாத ஹைட்ரஜன்ல ஒரு பங்கு ஹைட்ரஜனாவே வெளியே ஓடிடுது. சில சோதனையில ஆடு மாடு தின்றதே குறைஞ்சது. கொஞ்சம் எடை கூடினதும் உண்டு, கூடாததும் உண்டு.

"உறுதியா சொல்ல முடியாது பெரியப்பா."

"அப்ப காசு நாங்க போடணும். லாபம் யாருக்கு?"

"பூமி சூடாகுறது குறையும். எல்லாருக்கும் நல்லது."

"நல்லதுதான். அந்த எல்லாரும் ஆளுக்கு ஒரு ரூபா போடுவாங்களா?"

வெலிங்டன் படிக்கட்டுல டிராக்டர் ஏத்தினவங்க கேட்டதும் கிட்டத்தட்ட இதைத்தான். ஆனா ரெண்டும் ஒண்ணு இல்லைனு நான் நினைக்கிறேன். அவங்க பல நூறு ஏக்கர்ல கறியும் ரோமமும் ஏற்றுமதி பண்றவங்க. பெரியப்பாவுக்குச் சொந்தமா ஒரு குழி நிலம் கிடையாது. ராத்திரி வயல்ல கிடை போட்டா, எருவுக்காக வயல்காரர் தர்ற கூலியும் குட்டி வித்த காசும்தான் வருமானம். டெல்லியைச் சேர்ந்த அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991-லயே இதை எழுதியிருக்காங்க. ஏழை பிழைக்கிறதுக்காக விடுற வாயுவையும், பணக்காரன் சொகுசுக்காக விடுற வாயுவையும் ஒரே தராசுல நிறுத்தாதீங்கன்னு. 2021-ல் கிளாஸ்கோவில் பல நாடுகள் 2030-க்குள்ள மீத்தேனை 30 சதவிகிதம் குறைப்போம்னு உறுதி கொடுத்தப்போ இந்தியா கையெழுத்துப் போடலை. சரியா தப்பானு எங்க ஹாஸ்டல்ல ஒரு ராத்திரி முழுக்க சண்டை. என் கட்சி, போடாதது சரி. ஆனா, அதைச் சாக்கா வெச்சு ஆராய்ச்சியையும் கிடப்புல போடக் கூடாது. ஹரித் தாரா மாதிரி ஒண்ணு பெரியப்பா கிடை வரைக்கும் வரணும்னா, அது மீத்தேனைக் குறைக்குதுங்கிறது போதாது. குட்டிக்கு ஏதாவது செய்யணும், பூச்சி மருந்துச் செலவையாவது மிச்சப்படுத்தணும். இல்லாட்டி ஓசியில தரணும்.

கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு ஆசை. இவ்வளவு எழுதுறோமே, ஆட்டு ஏப்பத்தைக் காதால கேட்டுடணும்னு. அசை போட்டுக்கிட்டு நின்ன ஒரு தாய் ஆட்டுக்கிட்ட போய்க் குத்தவெச்சு உட்கார்ந்தேன். அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம்... சத்தமே இல்லை. அப்புறம்தான் படிச்சது ஞாபகம் வந்தது. ரூமனில் இருந்து மேலே வர்ற வாயுவில் பெரும்பங்கை ஆடு முதல்ல நுரையீரலுக்குள்ள இழுத்து, மூச்சோட மூச்சா விட்டுடும். மீத்தேனுக்கு வாசனையும் கிடையாது. என் ரூம்மேட் மாதிரி ஊரைக் கூட்டுற கேஸ் இல்லை!

"என்னடா கேக்குது?"

"ஒண்ணும் கேக்கலை பெரியப்பா."

"அப்ப எந்திரிச்சு வா. பின்னாடி கிடா நிக்குது, முட்டிரப்போகுது."